குழாய் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தவன்

கலியமூர்த்தி போய்விட்ட செய்தியைத் திருப்பாதிரிப்புலியூருக்குச் சொன்னது என் கடைக் குழாய் ஸ்பீக்கர்தான். மறுநாள் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். அதற்கு எடுத்துப் போக வேண்டிய ஆம்ப்ளிஃபயரைச் சாயங்காலம் கடை வாசலில் வைத்து, ரேடியோவோடு இணைத்து, குழாய் ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து மாநிலச் செய்தி வந்தது. "நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான கடலூர் கலியமூர்த்தி..." என்று குழாய் ஆரம்பித்தவுடனே எதிர் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் முகம் தானாக அப்படித்தான் போகும். அப்புறம் வாக்கியத்தின் பின்பாதி வந்தது. மெட்ராஸில், மாரடைப்பில். விரிந்துவிட்ட முகத்தை எப்படி மடக்குவது என்று தெரியாமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி.

ஊருக்கு அவர் பெரிய மனிதர். எனக்கு அவன்தான். ஆகவே இதில் 'அவன்' என்றே எழுதுகிறேன். மரியாதை தெரியாதவன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனேன். பாஸா என்று யாரும் கேட்காததால் நானும் சொல்வதில்லை. மைக்செட் தட்சிணாமூர்த்தி எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் நம் நாடக மன்றத்தார் இந்த நினைவு மலருக்கு என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் அவனை முதலில் பார்த்தது ஒரு ஜவுளிக்கடையில். தேவனாம்பட்டினத்துக்காரன். அவன் அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குப் படகில் ஏறினால் வாந்தி. அதனால் கரையிலேயே, புடவை விரித்துப் போடும் வேலைக்கு வந்துவிட்டான். அந்தக் கடைக்குத் தீபாவளி விளம்பரத்துக்காக மைக் கட்டப் போயிருந்தேன். ஒரு அம்மாள் எதிரில் மலை மாதிரிப் புடவை குவிந்திருக்கிறது. ஒன்றும் பிடிக்கவில்லை. கலியமூர்த்தி ஒரு புடவையை எடுத்துத் தன் தோளிலேயே மடிப்பு வைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "இது எனக்கே நல்லாருக்குதும்மா. உங்களுக்குக் குடுக்க மனசு வரல" என்றான். அந்த அம்மாள் பிடுங்காத குறையாக வாங்கிப் போனார். நான் ஏணி மேல் நின்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குழாய் நழுவி, முதலாளியின் கல்லாப் பெட்டி மேல் விழுந்தது. அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சினேகம்.

கடை மூடிய பிறகு நம் மன்றத்துக்கு நாடகம் எழுதுவான். எழுதிய சிரிப்பையெல்லாம் என் வீட்டுக்கு எடுத்து வருவான். எனக்குச் சொல்வதற்கு இல்லை, என் மனைவி ராஜாம்பாளுக்கு. அவள் சிரிக்க மாட்டாள். கோபக்காரி இல்லை, அழுமூஞ்சியும் இல்லை. நான்கு பிள்ளைகளோடும் என்னோடும் குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சிரிப்பு வராமல் இருக்க நியாயமே இல்லை. ஆனால் வராது. மீனை ஆய்ந்துகொண்டே கேட்பாள். முடிந்ததும், "சரிண்ணே" என்பாள். அவ்வளவுதான். நானோ பாதியிலேயே புரண்டுகொண்டிருப்பேன்.

"நீ சும்மா இரு மச்சான். நீ எழவு வீட்டுலயும் சிரிக்கறவன். உன் சிரிப்பைக் கணக்குல சேக்க முடியாது. தங்கச்சி, அந்த ரெண்டாவது இடம் எப்பிடி?"

"அவன் வேட்டி அவுந்து விழுறதா? அதுல இன்னாண்ணே இருக்குது. எங்கூட்டுக்காரருக்கு தெனம் விழுது."

அந்த இடத்தை அடித்துவிடுவான். ராஜாம்பாள் தலை லேசாக ஆடினால் வைத்துக்கொள்வான். "ஒருநாள் தங்கச்சிய வாய்விட்டுச் சிரிக்க வெச்சுட்டுத்தான் சாவேன்" என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவான். அதை அவன் சொல்லும் விதம், ஏதோ கோர்ட்டில் வழக்குப் போட்டவன் மாதிரி இருக்கும்.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் கொட்டகை போட்டு நம் நாடகம் நடந்ததே, அன்று வந்திருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். மெட்ராஸிலிருந்து ஒரு படமுதலாளி சுவாமி தரிசனத்துக்கு வந்தவர், நாடகத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கலியமூர்த்தி மேடைக்குப் பின்னால் என்னிடம் ஓடி வந்தான். "மச்சான், இன்னிக்கி விட்டா மறுபடி புடவை மடிக்கத்தான் போவணும். மைக்கு கொரகொரக்காமப் பாத்துக்கோ" என்றான். மைக் கொரகொரக்கவில்லை. ஆனால் மேடைக்குப் பின்னால் என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் 'ஹலோ, ஹலோ' சொல்ல ஒரு மைக் வைத்திருப்பேன். அதை அணைக்க மறந்துவிட்டேன். ஒத்திகையில் கேட்டுக் கேட்டு எனக்கு நாடகம் முழுக்க மனப்பாடம். அவன் பெண் பார்க்கப் போகும் கட்டம் வந்ததும், அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று தெரியுமே, எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவன் இன்னும் வாயையே திறக்கவில்லை. அதற்குள் நான்கு வீதிக்கும் கேட்கும்படி, தென்னை மரத்தில் கட்டிய குழாய்களிலிருந்து என் சிரிப்பு கெக்கெக்கே என்று வருகிறது!

கொட்டகை அடங்கிவிட்டது. கலியமூர்த்தி அசையாமல் நின்றான். மெதுவாக நிமிர்ந்து, குழாய் இருக்கும் பக்கம் பார்த்துக் கைகூப்பி, "சாமி, நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே" என்றான்.

அன்று எழுந்த சிரிப்பு மேலவீதி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு நாடகம் முழுக்க அவன் குழாயோடுதான் பேசினான். குழாயைக் கேட்டுப் பெண் பார்த்தான், குழாயிடம் நாள் குறித்தான். நாடகம் முடிந்ததும் படமுதலாளி உள்ளே வந்து, "அந்தக் குழாய் ஐடியா யாருதுய்யா?" என்று கேட்டார். "எல்லாம் மச்சானோடதுங்க" என்று என்னைக் காட்டினான். நான் தலைகுனிந்து நின்றதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மெட்ராஸ் போனான். மூன்று நான்கு வருஷம் படத்துக்குப் படம் அடி வாங்கினான். அதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. கதாநாயகன் அடிப்பான், கதாநாயகனின் மாமனார் அடிப்பார், சமையற்காரி கரண்டியால் அடிப்பாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி விழுவான். ஜனங்கள் சிரித்தார்கள். நான் பெஞ்சிலிருந்தே விழுந்து சிரித்தேன். என் பெரிய பெண் செல்விதான், அவன் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது, "மாமா, உங்களுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ட்ரிக்கும்மா. கை மேல படவே படாது. சத்தம் தனியா போடறாங்க" என்றான்.

சோறு போட்டுக்கொண்டிருந்த ராஜாம்பாள் நிமிராமல் சொன்னாள்: "படுதுண்ணே. காது அசையுது."

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நானும் அத்தனை படத்தையும் பார்த்தவன்தான். காது என் கண்ணில் பட்டதே இல்லை. அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து, "மச்சான், அடி வாங்காம ஒருதபா சிரிக்க வெச்சுக் காட்டணும். இல்லாங்காட்டி இந்தத் தொழில் எனக்கு வேணாம்" என்றான்.

அப்படிப் பிறந்ததுதான் அவன் தானே எழுதி, எடுத்து, நடித்த படம். ஜவுளிக்கடைச் சேல்ஸ்மேன் கதை. பாதி சிதம்பரத்தில் எடுத்தான். எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தான், கல்லாவில் உட்கார்ந்து முறைக்கிற முதலாளியாக. எடுத்த தடவையெல்லாம் நான் சிரித்துத் தொலைத்ததால், கடைசியில் என் முதுகை மட்டும் எடுத்தான். படத்தில் பாருங்கள், அந்த முதுகும் குலுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒரு அம்மாள் கடையையே பிரித்துப் போடவைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து போய்விடுவார். சேல்ஸ்மேன் அத்தனை புடவையையும் ஒவ்வொன்றாக மடிப்பான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, விழுவது எழுவது இல்லை. வெறுமனே மடிப்பான். மடிக்க மடிக்க அவன் முகம் என்னென்னவோ ஆகும். அவ்வளவுதான் கட்டம். பணம் போட்டவர் நாடகத்துக்கு வந்த அதே படமுதலாளி; அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஜனம் எழுந்து வெளிய போயிடும். அந்த அம்மா ஒரு அறை குடுத்துட்டுப் போற மாதிரி எடுத்து வெச்சிருக்கோமில்ல, அதைச் சேத்துடறேன்" என்றார். கலியமூர்த்தி கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஆட்டத்துக்குத் தவணை வாங்கினான். படம் வெளியாகும் முன் சிதம்பரத்தில் ஒரு காலைக் காட்சி போட்டுப் பார்ப்பது. அந்தக் கட்டத்தில் கொட்டகை சிரித்தால் அப்படியே இருக்கும். சிரிக்காவிட்டால் அறை.

குடும்பத்தோடு போனோம். ராஜாம்பாளும் செல்வியும் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பெஞ்சில். இந்தப் பக்கம் படமுதலாளி, கலியமூர்த்தி, நான். அந்தக் கட்டம் நெருங்கியதும் அவன் என் தோள் துண்டை எடுத்து என் கையில் திணித்தான். "கடிச்சுக்கோ மச்சான். உன் சிரிப்புல ஜெயிச்சா அது ஜெயிப்பு இல்ல." கடித்துக்கொண்டேன்.

திரையில் மடிக்க ஆரம்பித்தான். கொட்டகையில் சத்தமே இல்லை. யாரோ இருமினார்கள். முறுக்கு விற்கிறவன்கூட நின்றுவிட்டான். படமுதலாளி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். திரையில் இருக்கிறவன் கடைசிப் புடவையையும் மடித்து, அடுக்கின் உச்சியில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். அப்போது பெண்கள் பெஞ்சிலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் வந்தது.

"அண்ணே, அந்தப் பச்சைய இன்னொருதபா காட்டுங்க!"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அது அடியில் போய்விட்ட புடவை. கொட்டகை ஒரு கணம் யோசித்தது. பிறகு வெடித்தது. சிரிக்க ஆரம்பித்த ஜனம் அடுத்த கட்டத்திலும் நிற்கவில்லை. ஆபரேட்டரிடம் சொல்லி அந்த ரீலைத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டபோது, முதல் தடவை சத்தமில்லாமல் பார்த்த அதே மடிப்புக்கு, முதல் புடவையிலிருந்தே சிரித்தார்கள். படமுதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்யா, இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி கேட்டான்: "ஏன் தங்கச்சி, இது கறுப்பு வெள்ளைப் படமாச்சே, பச்சை எப்பிடித் தெரிஞ்சுது?"

"எனக்குப் பச்சையாத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

"அது அரக்குக் கலரு."

"இருந்தா இருக்கட்டும்" என்றாள். சிரிக்கவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் டெல்லியில் அவார்டு கொடுத்தார்கள். பட்டயத்தை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். கூடவே ஒரு நல்ல பச்சைப் புடவை. "டெல்லியில எழுந்து நின்னு கைதட்டினாங்க தங்கச்சி. எனக்கு அதெல்லாம் சின்னக் கோர்ட்டு. பெரிய கோர்ட்டுல கேஸு இன்னும் நிக்குது" என்றான். அவள் புடவையைப் பிரித்துப் பார்த்து, "பார்டர் நல்லாருக்குதுண்ணே" என்று உள்ளே எடுத்துப் போனாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு படம் எடுத்தான். எதிலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வந்தபோதெல்லாம் அவளுக்கு ஒன்று சொல்லிப் பார்ப்பான். கேஸ் நின்றபடியே நின்றது. அவன் போய்விட்டான்.

இரங்கல் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் பேச மைக் கட்டியிருக்கிறேன். அதன் முன்னால் நான் நின்றது அன்றுதான். தெரிந்ததைச் சொல்வோம் என்று சிதம்பரம் நாடகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி வந்தது, இவன் என்னிடம் ஓடி வந்தது, பெண் பார்க்கும் கட்டம், நான் மைக்கை அணைக்காதது. அதுவரைதான் வந்திருப்பேன். தலைக்கு மேலே குழாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண்பிள்ளைச் சிரிப்பு. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு ராஜாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்க்கிறாள், முடியவில்லை. எத்தனை தடவை கேட்ட கதை! அடுத்து அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்கும் தெரியும். அவள் முன்னால் என் 'ஹலோ, ஹலோ' மைக். இந்தத் தடவையும் நான் அணைக்க மறந்த மைக்.

கூட்டம் அடங்கிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று மன்றத் தலைவர் பாதி எழுந்துவிட்டார். எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. நிமிர்ந்து குழாயைப் பார்த்தேன். கைகூப்பினேன். "அம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லியே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் படமும் பட்டயமும் அவன் வீட்டாருக்கு. நான் வைத்துக்கொண்டது, காரியம் கெட்டுப்போய் ஊரே பார்க்கும்போது தலையைக் குனியாமல் நிமிர்ந்து குழாயைப் பார்க்கிற அந்த ஒரு பழக்கம்தான். கேஸ் முடிந்தது, கலியமூர்த்தி. நீ ஜெயித்துவிட்டாய். எப்போதும் போல, நான் அணைக்க மறந்த சுவிட்சு சாட்சி.