போர்வைக்குள் அவிந்த தாள்

போன சித்திரை, உச்சிப் பொழுது. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கிணற்றடி. நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். எதிர்வீட்டு மதினி நிறைகுடத்தோடு நின்றாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்பிள்ளை வந்திருந்தது.

எனக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி முனை மருந்து கலக்கும் வேலை. அந்த மருந்தில் சேரும் ஆரஞ்சு நிற நச்சு உப்பு கிணறுகளில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பிள்ளை வந்தது. கிணறு என்னுடையது. தெருவே குடிப்பது அதில்.

கையில் ஒரு தாள் வைத்திருந்தது. உலோகத்தைக் கோத்துக் கூடுகூடாகச் செய்த ஏதோ பொடி தடவியதாம். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் சிவப்பாக ஒளிரும். அந்த உப்பு பட்டால் அவிந்துவிடும். வெயிலில் தெரியாது என்று எல்லோரும் ஒரே போர்வைக்குள் தலையை நுழைத்தோம்.

பாட்டில் வாய் சின்னது. வாளித் தண்ணீரை உள்ளங்கை வழியாகத்தான் ஊற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு சொட்டு பட்டதும் தாள் இருண்டது.

ஆய்வுக்கூட முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்றது பிள்ளை. மதினி குடத்தைத் தூக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. மறுபடி லாரித் தண்ணீருக்கு நிற்கணுமா என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளை என் கையையே பார்த்தது.

“அண்ணாச்சி, வேலை விட்டு வந்து கை கழுவுனீங்களா?”

“தொடச்சேன்.”

எங்கள் பக்கம் தண்ணீர் அருமை. வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த வேலை பார்ப்போம். சாப்பாடும் அதே கையால்தான்.

வேறு பாட்டில், வேறு தாள். இம்முறை வீட்டுக்காரி மொண்டு நேராக ஊற்றினாள். மறுபடி போர்வை. தாள் செக்கச் செவேலென்று நின்றது.

“கெணறு நல்லாத்தான் இருக்குக்கா. இவிய கைதான் கெட்டுக் கெடக்கு. போன வாரம் கடம்பூர் போளிய இந்தக் கையாலதான் பிட்டுத் தந்தாவ” என்றாள் வீட்டுக்காரி.

மதினி சிரித்த சிரிப்பில் போர்வை நழுவி விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பிள்ளை என்னைக் கிணற்றை விட்டுத் தள்ளி நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் கையில் நல்ல தண்ணீர் விட்டு, சொட்டுவதைப் புதுத் தாளில் வாங்கிப் போர்வைக்குள் பார்த்தது. முதலில் இருட்டு. அடுத்ததும் இருட்டு. அப்புறம் மங்கல். பிறகு கொஞ்சம் தேவலை. மதினி தன் குடத்தைச் சாய்த்து இன்னொரு தடவை கழுவ விட்டாள். அதற்குப் பின் தாள் முழுசாகச் சிவந்தது.

ஆய்வுக்கூடமும் கிணறு நல்லது என்றே சொன்னது. எதில் வேண்டுமானாலும் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம், கை கழுவுவதில் கூடாது என்று அன்று தெரிந்தது. இன்றும் சோற்றைத் தொடுமுன் எண்ணிக்கொண்டேதான் கழுவுகிறேன்.

ஐந்து தடவை.