ஆறாவது குழியும் என் வலது தோளும்

போன சனிக்கிழமை மதியம் என் மனைவி கோமதி, போனை மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டு ஒரு குளத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதமாக நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் திட்டித் தீர்க்கும் குளம் அது. ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது.

கோல்ஃப் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ‘பல் டாக்டருக்கு எதற்கு சார் இந்தப் பணக்கார விளையாட்டு?’ என்று ஒரு வாசகர் முன்பே கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. கரமனைக்குத் திரும்பி, வீட்டு முன்னறையில் கிளினிக் போட்டதும் விட்டுவிட்டேன். மட்டைகள் மட்டும் பரணில் கிடந்தன.

போன வருடம் வலது தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. எட்டு மாதம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “தோள் சரியாயி டாக்டரே, இனி எல்லா ஜோலியும் செய்யாம்” என்றார் மலையாளத்தில், எந்த வேலையும் செய்யலாம் என்ற அர்த்தத்தில்.

நான் நம்பினேனா? நானே எத்தனை பேரிடம் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லியிருக்கிறேன்! டாக்டர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

எனவே நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன்.

கல்லாறு போகும் வழியில், தோமஸ்குட்டி என்பவர் தன் ரப்பர் எஸ்டேட்டின் ஒரு பகுதியை வெட்டி, ஒன்பது குழி உள்ள சின்ன கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார். அதில் ஆறாவது குழிதான் ஒரே அடியில் எட்டக்கூடியது. நடுவில் குளம். அடிக்கும் இடத்தில் ஒரு போர்டு: 145.

கோயம்புத்தூரில் என் சிக்ஸ் அயர்ன் மட்டைக்குச் சரியாக நூற்று நாற்பத்தைந்து யார்டு. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கோல்ஃபில் மட்டையின் எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். ஃபைவ் அயர்ன் எடுத்தால் தாண்டியிருக்கலாம்தான். ஆனால் அது பிட் அடித்துப் பாஸாவது மாதிரி அல்லவா? சிக்ஸ் அயர்னால் தாண்டினால் தோளில் பழைய பலம் இருக்கிறது. இல்லையென்றால்... இல்லை.

ஆறு மாதம். ஒருமுறைகூடத் தாண்டவில்லை. நல்ல அடி விழுந்த நாளில்கூட, எதிர்க்கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில் பந்து ‘ப்ளக்’ என்று முங்கும்.

சிரிக்காதீர்கள். பல் பிடுங்குவது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து செய்கிற வேலை. பாதியில் கை தளர்ந்தால் பல் உடைந்து வேர் உள்ளே நின்றுவிடும். அந்தப் பயத்தில் சுத்தம் செய்வது, ஓட்டை அடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிடுங்க வேண்டியவர்களை வேறு டாக்டரிடம் அனுப்பினேன். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் போக மாட்டேன் என்றுவிட்டார். “நீங்க புடுங்குனா புடுங்குங்க டாக்டரே. இல்லன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

பிடுங்க முடியாத பல் டாக்டர் எதற்கு? இந்த மாதக் கடைசியில் கிளினிக்கை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கோமதியிடம் சொன்னபோது அவள் வருத்தப்படவில்லை. ஏன் வருத்தப்பட வேண்டும்? மகள் புனேயில் இருக்கிறாள். பேத்திக்கு ஏழு மாதம். அந்தக் குழந்தையைக் கோமதி இதுவரை போன் திரையில்தான் கொஞ்சியிருக்கிறாள். நான் எப்போது கடையைக் கட்டுவேன், அங்கே போய் மகளோடு இருக்கலாம் என்று காத்திருந்தவள். அடுத்த நாளே பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை மதியம், போனும் கையுமாக அவள் கூப்பிட்டாள்.

“ஏன்னா, இங்க வாங்கோளேன். உங்க குளம் கெடைச்சுடுத்து.”

சாட்டிலைட் படம். வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி வரிசையாக ரப்பர் மரங்கள். நடுவில் பாசி நிறத்தில் என் எதிரி. அடிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கோட்டை இழுத்துக் குழி இருக்கும் புல்தரையில் இன்னொரு புள்ளி வைத்திருந்தாள். நடுவில் எண் தெரிந்தது.

“பாத்தேளா? நூத்தி நாப்பத்தஞ்சு. போர்டு சரியாத்தான் இருக்கு, கேட்டேளா.”

“போர்டு சரின்னு எனக்குத் தெரியாதா? கைதான் சரியில்லை.”

“நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர்” என்றாள் மறுபடியும், நிதானமாக.

“யார்டு.”

“மீட்டராக்கும். இதோ போட்டிருக்கே. இந்தக் காலத்துல எவா யார்டுல அளக்கறா? பொடவைகூட மீட்டர்லதான் வருது.”

நான் போனைப் பிடுங்கினேன். கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கிலேயே இருந்தது.

நூற்று நாற்பத்தைந்து மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நூற்று ஐம்பத்தொன்பது யார்டு! கோயம்புத்தூரில், என் தோள் புத்தம்புதிதாக இருந்த நாளில்கூட, சிக்ஸ் அயர்னால் அந்தக் குளத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

“உங்க பந்து எங்க விழறது?”

கறுப்புப் பாறையைக் காட்டினேன். மேலிருந்து பார்க்க மிளகு அளவுதான் இருந்தது. கோமதி புள்ளியை அங்கே நகர்த்தினாள். நூற்று முப்பத்தேழு மீட்டர். பெருக்கிப் பார்த்தேன். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் பெருக்கினேன்.

நூற்று ஐம்பது யார்டு. நல்ல அடிகள் பழைய தூரத்தைவிட ஐந்து யார்டு கூடுதலாகவே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. தண்ணீருக்குள் போன பந்து எவ்வளவு தூரம் போனது என்று யார் வந்து சொல்வார்கள்? ஆறு மாதமாக நல்ல கையை வைத்துக்கொண்டு துக்கம் கொண்டாடியிருக்கிறேன்.

மற்ற போர்டுகளில் எல்லாம் யார்டு என்று எழுதியிருக்கும். இதில் வெறும் எண்தான். அதுவும் யார்டு என்று நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் நூற்றுக்கா, ஐம்பதுக்கா என்று கேட்காமலே நம் பிள்ளையைத் திட்டுகிற ஆட்கள்தானே நாம்?

மறுநாள் ஞாயிறு, முதல் முறையாகக் கோமதியும் கூட வந்தாள். தோமஸ்குட்டியைப் பிடித்துக் கேட்டேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

“யார்டு எழுதின பழைய கல்லு வெள்ளத்துல போயி டாக்டரே. ஞான் தன்னே போன்ல, சாட்டிலைட் படம் நோக்கி அளந்து எழுதிச்சது. மீட்டரல்லாதே வேற எந்தா?”

அவரும் வானத்திலிருந்துதான் அளந்திருக்கிறார். அவரும் கோமதியும் அளந்தது ஒன்றேதான். இடையில் தப்பாகப் படித்தவன் நான் ஒருவன்.

அன்று ஃபைவ் அயர்னை எடுத்தேன். நூற்று ஐம்பத்தொன்பது யார்டுக்கு அதுதான் முறையான மட்டை, பிட் இல்லை. அடித்தேன். பந்து குளத்தின் மேலே போனது. பாறையைத் தாண்டியது. தண்ணீரைத் தாண்டியது. எதிர்ப் புல்தரையின் ஓரத்தில் விழுந்து, நாலு அடி உருண்டு நின்றது.

நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் குதித்தேன். வலது கையை!

“குழிக்குள்ள விழலையே?” என்றாள் கோமதி.

திரும்பி வரும்போது, நெடுமங்காடு தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம். கோமதி முப்பது வருடம் பூகோள டீச்சர். அளவை எழுதி, கிலோமீட்டரா மைலா என்று எழுதாத பிள்ளைக்கு அரை மார்க் குறைத்தவள். அவள் ‘போர்டு சரி’ என்று சொல்லிவிட்டு, ‘மீட்டர்’ என்று நிதானமாக அழுத்தியது தற்செயலா?

“கோமு... அது மீட்டர்னு உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செவ்வாக்கிழமையே அளந்துட்டேன்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“சொன்னா நீங்கோ கிளினிக்கை மூட மாட்டேள். எனக்குக் குழந்தையப் பாக்கணும்.”

அவளே தொடர்ந்தாள்.

“வெள்ளிக்கிழமை மிளகாய்க்கடை அண்ணாச்சி கன்னத்தைப் பிடிச்சிண்டு வந்தாரே... ‘என் கையில பலமில்லை அண்ணாச்சி’ன்னு சொன்னேள். நான் சமையக்கட்டுலேந்து கேட்டுண்டிருந்தேன். அது நிஜமில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தா, அது நான் சொன்ன பொய்யாயிடாதோ?”

அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தால் மாதக் கடைசியில் புனே போயிருப்பாள். நானும் தோளைத் தடவிக்கொண்டே பின்னால் போயிருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், பிடிவாதத்தில் அவரை மாதிரியே. ஆனால் வேரோடு, முழுசாக, ஒரே பிடியில் வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் ஏதோ சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கிளினிக்கை மூடவில்லை. ஆனால் ஒரு மாதம் லீவு என்று எழுதி ஒட்டிவிட்டேன். பெட்டியை எப்படியும் துடைத்தாகிவிட்டது. “புனேக்கு ரெண்டு டிக்கெட் போடு, குழந்தையோட எத்தனை நாள் வேணும்னாலும் இரு” என்று போனைக் கோமதியிடம் கொடுத்தேன்.

ரிட்டர்ன் டிக்கெட்டையும் அவளேதான் போட்டாள் — இரண்டு பேருக்கும்.