செடியைத்தான் சொன்னேன்!

ஒரு செடியைத் தொட்டி மாற்றி வைத்தால், ஒரு மனிதன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போவானா?

போன சனிக்கிழமை என் வீட்டிலிருந்து ஒருவன் போனான். வேறு யாருமில்லை... என் மனைவி ஞானத்தின் ஒரே தம்பி தங்கராஜ்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்பது உங்களுக்கு விளங்கும்.

தங்கராஜ் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தான். யுத்தம் முடிந்த கையோடு வியாபாரம் படுத்தது. முதலாளி ஆளைக் குறைக்க, இவன் கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து என் வீட்டில் இறங்கினான். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. இன்னொரு கையில், தேங்காய் மட்டையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு செடி. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் சோப்பு கொண்டு வருவார்கள், பீங்கான் கோப்பை கொண்டு வருவார்கள். இவன் கொண்டு வந்தது தடித்த இலைகளும், அங்கங்கே புழு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த வேர்களும்!

“என்னலே இது?” என்றாள் ஞானம்.

“ஆர்க்கிட், அக்கா.”

“ஆர்கிட்டயா? ஆர்கிட்ட வாங்கினேன்னா நான் கேட்டேன்? என்னதுன்னுல்லா கேக்கேன்!”

“அதான் அக்கா... ஆர்க்கிட்.”

“ஆர்கிட்ட வாங்கினா எனக்கென்னலே? செடி பேரைச் சொல்லு!”

இந்த விசாரணை காப்பி ஆறும் வரை நடந்தது. கடைசியில், துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து தினமும் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற நான் தலையிட்டு, அது செடியின் பேர்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதோடு சரி.

தங்கராஜ் அதைக் கிணற்றடி முருங்கையில் கட்டித் தொங்கவிட்டான். காலையில் எழுந்ததும் அதற்குத் தண்ணீர் தெளிப்பான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவான். துறைமுகத்துப் பக்கம் அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் — “சொல்லி அனுப்புகிறோம்.”

அரிசிக்கு ரேஷன் கடையில் பையோடு நிற்கிற காலம் இது. வீட்டில் ஒரு வயிறு கூடினால் என்ன ஆகும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! பையைத் தோளில் போடும்போது ஒரு பெருமூச்சு மட்டும் விடுவேன். அடுப்படிக்கும் கேட்கும்படியான பெருமூச்சு.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று எனக்கு அரை நாள் லீவு. வீட்டில் தோட்டம் போடுவது எப்படி என்று போன மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வாசகர்கள் மிகவும் பாராட்டினார்கள். என் கையால் ஒரு கீரைத்தண்டு முளைத்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பாராட்டு தலைக்கேறினால் மனிதன் சும்மா இருப்பானா? முருங்கையடியில் போய் நின்றேன். செடி பூக்கவில்லை. வேரெல்லாம் மட்டையை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் தொங்கின. ஐயோ பாவம், மண் இல்லாமல் தவிக்கிறதே என்று மனம் இளகிவிட்டது.

பெரிய மண் தொட்டி ஒன்றை எடுத்தேன். செம்மண், ஆட்டுப்புழுக்கை, அதற்கு மேல் நம் ஊர் கைமருந்து — கருவாட்டு மண்டியில் கூட்டி அள்ளுகிற தூள். இங்கே தென்னைக்கு அதைத்தான் போடுகிறோம். தென்னைக்கு ஆகிறது ஆர்க்கிட்டுக்கு ஆகாதா? வெளியே தொங்கின வேர்களையெல்லாம் உள்ளே திணித்து, மண்ணை மிதிக்காத குறையாக அழுத்தி, கிணற்று உப்புத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தேன். தெருப் பூனைகள் எல்லாம் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டு என்னை மரியாதையோடு பார்த்தன.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. நல்ல மனிதர். காது மட்டும் மந்தம். அவரோடு ரகசியம் பேசினால் பீச் ரோடு வரைக்கும் கேட்கும்.

“என்ன தம்பி, புல்லுருவியைப் போயித் தொட்டியில வச்சு வளக்குதீங்க? அது மாமரத்துல தொத்திக்கிட்டு அதோட சாறைக் குடிக்கிற சனியன்லா!”

எனக்கு வெட்கமாகிவிட்டது. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? வராது. ஆகவே அவர் கட்சியிலேயே சேர்ந்துகொண்டு, அவர் காதுக்கு எட்டுகிற குரலில் முழங்கினேன்:

“ஆமா அண்ணாச்சி! கொழும்புலேருந்து வந்த புல்லுருவி! வந்த நாள்லேருந்து சும்மா தொத்திக்கிட்டுக் கெடக்கு! ஒரு பிரயோசனம் கெடையாது! இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன்... தேறலன்னா தூக்கித் தெருவுல எறிஞ்சிருவேன்!”

அண்ணாச்சிக்குத் திருப்தி. தலை இறங்கிவிட்டது.

நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், தங்கராஜ் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான். எப்போது வீட்டுக்குத் திரும்பினான் என்றே எனக்குத் தெரியாது.

“நாசரேத்துக்குப் போறேன் அத்தான். சித்தப்பா வீட்டுல இருந்துக்கிடுதேன்.”

“தாராளமா போயிட்டு வா மாப்ளே! செடியைப் பத்திக் கவலைப்படாத. நீ வரும்போது அது ஆளே மாறியிருக்கும்!” என்றேன் உற்சாகமாக.

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பினால் ஞானம் நிற்கிறாள். அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

“ஆரைச் சொன்னீங்க புல்லுருவின்னு?”

“செடியைத்தான் சொன்னேன்!”

“கொழும்புலேருந்து வந்ததுன்னீங்க. தொத்திக்கிட்டுக் கெடக்குன்னீங்க. தெருவுல எறிவேன்னீங்க. இன்னிக்கும் வேலை இல்லன்னு கேட்டுட்டு அந்தப் பிள்ளை அப்பதான் வாசல்ல காலை வச்சான். அப்படியே நின்னு அம்புட்டையும் கேட்டான்.”

“ஞானம், சத்தியமா செடியை...”

“செடியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், இம்புட்டுப் பேச?”

இந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. உண்மைதானே? ஆர்க்கிட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அப்படியானால் அந்த வார்த்தைகள் தட்டுத் தடங்கலில்லாமல் எங்கேயிருந்து வந்தன? ரேஷன் பையைத் தோளில் போடும்போதெல்லாம் நான் உள்ளே விழுங்கி வைத்தவை அல்லவா அவை! எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஓடினேன். சட்டையெல்லாம் கருவாட்டு வாடை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நாய் துணைக்கு வந்தது.

ஏரல் வழியாக நாசரேத் போகிற பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடப் பழகின வண்டி. பின்னால் இருக்கிற அடுப்பைக் கிளீனர் பையன் வேர்க்க வேர்க்கக் கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதினால்தான் நகரும். அது புகைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் தங்கராஜ் உட்கார்ந்திருந்தான். பெட்டி மடியில்.

என்ன சொல்வது? வழியெல்லாம் யோசித்த வசனம் ஒன்றும் வரவில்லை. “மாப்ளே... உன் செடியைத் தொட்டியில வச்சிருக்கேன்” என்றேன்.

“தொட்டியிலயா? மண்ணு போட்டா?” சடாரென்று திரும்பினான்.

“செம்மண்ணு. கொஞ்சம் கருவாட்டுத் தூளும்...”

“ஐயையோ அத்தான்! வேரு அழுகிப் போயிரும்! அதுக்கு மண்ணே ஆகாது. கரித்துண்டும் உடைஞ்ச ஓடும் போட்டு, அதுமேல உக்கார வைக்கணும். நல்ல தண்ணி தெளிச்சாப் போதும்.”

“அண்ணாச்சி அதைப் புல்லுருவின்னாரே...”

“இல்ல அத்தான்.” அவன் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அது மரத்துக்கிட்ட ஒண்ணும் எடுக்காது. விழுந்துராம இருக்கப் பிடிச்சுக்கிட மட்டும்தான் செய்யும். காத்துல இருக்க ஈரம் போதும் அதுக்கு. நேரம் வரும்போது பூக்கும்.”

பஸ் ஒரு தடவை உறுமி, மறுபடியும் அடங்கியது. கண்டக்டர் என்னை ஏறச் சொல்வதா, விலகச் சொல்வதா என்று தெரியாமல் பார்த்தார்.

“வீட்டுக்கு வா மாப்ளே,” என்றேன். “இல்லன்னா நல்லா இருக்காது. முருங்கையடியே வெறிச்சின்னு கெடக்கு. எங்களுக்கு ஒண்ணும் பாரம் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்.”

“செடியைத்தானே சொல்லுதீங்க, அத்தான்?”

“இல்லலே. உன்னைத்தான் சொல்லுதேன்.”

அவன் பெட்டியை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தான். பிறகு இறங்கிப் போய், அந்தப் பஸ்காரர்களிடமே தோள் துண்டு நிறையக் கரி கேட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைக் கவிழ்த்தோம். அவன் வேர் வேராகக் குடிதண்ணீரில் கழுவினான். நான் பூனைகளை விரட்டினேன். இந்தத் தோட்டக் கலையில் எனக்குக் கைவந்த பகுதி அது ஒன்றுதான். நசுங்கிப்போன வேரைக் கத்தரித்துவிட்டு, கரியும் ஓடுமாக அடுக்கி, செடியை மேலே உட்கார வைத்துக் கட்டினான். ஞானம் தம்பியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். என் இலை எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

செடி பிழைக்குமா என்று தங்கராஜ் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் பிழைப்பேனா என்று அவன் அக்காவும் சொல்லவில்லை!