ஆணியில் தொங்கிய குவளை

போன ஞாயிறு சபையில் திருவிருந்துக்குத் தட்டு வந்தது. சுண்டுவிரல் உயரக் கிண்ணங்கள், ஆளுக்கு ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு இப்படித்தான். திராட்சைச் சாற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் செல்லத்தாய் அக்கா நினைவு வந்துவிட்டது.

அப்போது நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் கிளார்க். சட்டையில் ஏறிய நெடிக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் தும்முவார். அந்த லட்சணத்தில் அடுத்தவர் நாற்றத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் வேறு. அக்கா தேனிப் பக்கத்திலிருந்து வந்து சாக்கடை அள்ளியவர். கிடங்குக்கு எதிர்ச் சாயாக்கடையில் அவருக்கென்று ஒரு தகரக் குவளை, வெளிச்சுவர் ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டுவார். தினமும் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் அன்றைக்கெல்லாம் திருவிருந்துச் சாற்றுக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான். வரிசையாக முழங்காலிடுவோம், போதகர் ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டே போவார். அக்கா எப்போதும் கடைசி வரிசையில் கடைசி ஆள். தனக்குப் பின்னால் யாரும் குடிக்க நேரக்கூடாதென்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு. போதகருக்கு அது எப்போது பிடிபட்டதோ, ஒரு ஞாயிறு அந்த முனையிலிருந்தே ஆரம்பித்தார்.

"ஐயா, அவங்கல்லாம் முதல்ல..."

"நீங்க குடிங்கம்மா. நான் நிக்கிறேன்."

குடித்தார். அடுத்து நான், தாமதமாக வந்ததன் பலன். பாத்திரம் உதட்டில் பட்டது. உதட்டை நான் திறக்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்தது வாசனை மட்டும்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கப்புறம் நீங்க குடிச்சீங்கல்ல சார்?"

"குடிச்சேனே."

மறுநாள் காலை சாயாக்கடையில் ஒரே சத்தம். அக்கா உள்ளே போய், எல்லாருக்கும் கொடுக்கும் கண்ணாடி கிளாஸில் சாயா வாங்கி, பாதி குடித்தும் விட்டார்.

"இனி இதுல வேற யாரு குடிக்கும்?" என்று கடைக்காரச் சேட்டன் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தா வர்றாரே சார், நேத்து சர்ச்சுல எனக்கப்புறம் குடிச்சாரு. அவரையே கேளுங்க."

கடை மொத்தமும் என்னைப் பார்த்தது. வெட்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்த அரை நிமிஷம்தான். அக்காவுக்கு அது பிறந்ததிலிருந்து. அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி மிச்சத்தைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, சர்க்கரையும் அதிகம்.

மறுநாள் ஆணியில் குவளை இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. நான் பொய் சொன்னதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது அந்தக் கடையில் காகிதக் கப், சபையில் இந்தக் குட்டிக் கிண்ணம். யாருக்குப் பின்னால் யார் குடிப்பது என்ற பேச்சே இல்லை. போன ஞாயிறு என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தது யார் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.