கேப்டனின் கனைப்பு

பெரிய மருத்துவமனையில் “டோக்கன் எண் நாற்பத்து மூன்று, ஆறாம் அறைக்கு வரவும்” என்று ஒரு பெண் குரல் கூப்பிடும். அவசரமும் இல்லாமல் அன்பும் இல்லாமல் கூப்பிடுகிற அந்தக் குரல் இவளுடையதுதான். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒன்று முதல் ஐந்நூறு வரை வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெருவில் டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருமுறை முட்டி வலிக்காக அதே மருத்துவமனையில் காத்துக் கிடந்தவள், தன் குரலே தன்னைத் தவிர ஊரில் உள்ள எல்லோரையும் கூப்பிடுகிறது என்று எரிச்சல்பட்டு, டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவர், “வீட்லயும் அப்படித்தான். நம்பர் வந்தாதான் சோறு” என்பார்.

குரல்தான் அவள் பிழைப்பு. லிஃப்டில் “கதவு மூடுகிறது” என்பதும் அவள்தான், வங்கியில் “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று மனிதர்களைச் சாகடிப்பதும் அவள்தான். ஆனால் அவள் மனது வைத்துச் செய்கிற வேலை வேறு. பார்வையற்றவர்களுக்கான நூலகம் ஒன்றுக்காக முழு முழுப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கிறாள்.

அந்த வேலைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. காலையில் பால் குடிக்கக் கூடாது, தொண்டையில் படியும். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டினால் மைக்கில் சொடக்குச் சத்தம் கேட்கும், அதற்கு ஓர் ஆப்பிள் துண்டு. மொறமொறக்கிற துணி உடுத்தக் கூடாது, கையிலும் காதிலும் எதுவும் ஆடக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்வார்கள். பிறகு எங்கேயாவது இருமலை வெட்டி எடுத்தால் அந்த ஓட்டையை அடைக்க அந்த மௌனம்தான் ஒட்டுத்துணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவைக் கவனிக்கும் ஹெட்போன்காரர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற மனிதர், அவள் வயிறு கடமுட என்றாலும் கையைத் தூக்கிவிடுவார்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அண்ணன். உள்ளூர் வானொலியில் செய்திப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். தங்கையைத் தரையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் கனத்த புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்க மூச்சுவிடச் சொல்வார். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையங்கம் வாசிக்க வைப்பார். எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு தடவை கனைத்துக்கொண்டு, மூக்கால் பேசுவார். “எழுதினவன் எங்க கொண்டுபோய் முடிக்கிறான்னு தெரியாம முதல் வரியை வாசிக்காதே” என்பது அவர் அடிக்கடி சொல்லும் கட்டளை. பிற்பாடு அவளையே செய்தி வாசிக்கவும் சேர்த்துவிட்டார். அண்ணனும் தங்கையும் ஒரே ஸ்டேஷனில் என்பதில் வீட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு மாலைச் செய்தியோடு முடிந்தது. வாசிக்கவேண்டிய தாள்களை எண் பார்த்து அடுக்கிக் கொடுப்பது அண்ணனின் வேலை. அன்றைக்கு இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. “புதிய பாலத்தைத் திறந்துவைத்துப் பேசிய அமைச்சர்” என்று பக்கத்தை முடித்தவள், இடையில் ஒரு பக்கம் விட்டுப்போனது தெரியாமல் அடுத்ததுக்குத் தாவி, “காலமானார். அவருக்கு வயது எண்பத்தொன்று” என்று கணீரென்று வாசித்தாள். காலமானவர் யாரோ ஒரு கணித ஆசிரியர். தப்பு புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் அவள் மைக்கை அணைத்தார். தன் மைக்கைப் போட்டு இரண்டு தடவை கனைத்தார். “செய்தி வாசித்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். மறுநாள் விசாரணையிலும் தாளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்தான், பிறகு அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா இறந்தபோதுகூட இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

அண்ணன் சொன்ன மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டவள், புத்தகத்தை முன்கூட்டியே படிக்கச் சொன்ன அந்த ஒரு பாடத்தை மட்டும் தூக்கிக் கடாசினாள். “கேக்கிறவங்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?” என்று வியாக்கியானம் வேறு. வீம்பு, வேறென்ன.

அப்படியிருக்கும்போதுதான் அந்த விண்வெளி நாவல் வந்து சேர்ந்தது. வளையம் சூழ்ந்த ஒரு கோளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, தண்ணீரில்லாத நிலாக்களுக்குக் கொண்டுபோகும் கப்பல். அதை ஓட்டும் கிழட்டுக் கேப்டன். அவரிடம் வேலை பழக வருகிறாள் ஒரு பெண். மூன்று கப்பல்களிலிருந்து துரத்தப்பட்டவள், முன்கோபி, தொட்டதை உடைப்பவள். அவளை யாரும் சேர்த்துக்கொள்ளாதபோது கேப்டன்தான் சேர்த்துக்கொள்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் முதன்முதலாகத் தனியாகக் கப்பலைத் துறைமுகத்தோடு இணைக்கப் போகிறாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது. கேப்டன் திடீரென்று அவள் கைப்பிடியைச் செயலற்றதாக்கிக் கப்பலைப் பின்னுக்கு இழுக்கிறார். பொது அலைவரிசையில், அத்தனை கப்பல்களும் கேட்க, “பயிற்சிப் பெண் தவறு செய்துவிட்டாள். மன்னிக்கவும், திரும்பிப் போகிறோம்” என்கிறார்.

மற்றவர்களுக்கு அது கதை. டோக்கன் அக்காவுக்கு அது மாலைச் செய்தி. அந்த இடத்தைப் படித்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கேப்டனுக்கு என்ன குரல் கொடுக்கலாம் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவள், முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி பதிவு செய்யலாம் என்றாள். மூக்கால் பேசினாள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் கனைத்தாள். கேலி என்றால் சாதாரணக் கேலி இல்லை, அண்ணனை அப்படியே உரித்து வைத்துவிட்டாள். ஹெட்போன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணனுக்குக் கண்பார்வை போய்விட்டதும், அவர் அந்த நூலகத்தில் உறுப்பினராகிவிட்டதும் அவளுக்கு உறவினர் மூலம் தெரியும். தெரிந்துதான் செய்தாள். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. புத்தகம் முழுவதும் முடியும்வரை நூலகம் காத்திருப்பதில்லை. நான்கு நான்கு அத்தியாயமாக, முடிய முடிய அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு அத்தியாயங்கள் போய்விட்டன.

பதின்மூன்றாவதில் கேப்டன் கொள்ளையர்களிடம் மாட்டிக்கொள்கிறார். தப்பித்துவிட்ட அந்தப் பெண், போகாமல், கப்பலைத் திருப்புகிறாள். பதிவை நிறுத்திவிட்டு ஹெட்போன்காரர் கேட்டார், “இந்த ஆளுக்காகவா திரும்புறா? இவரு அவளை அந்த மாதிரி அசிங்கப்படுத்தினாரேம்மா.”

“அதானே,” என்றாள் டோக்கன் அக்கா. மனது கேட்கவில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, மிச்சத்தை முன்கூட்டியே வாசித்து முடித்தாள்.

பதினான்காவது அத்தியாயத்தில் விஷயம் உடைகிறது. அன்றைக்கு அந்தத் துறைமுகமே கொள்ளையர் கையில் இருந்தது. விளக்குகள் எரிந்த வரிசையைப் பார்த்துக் கேப்டன் கண்டுபிடித்துவிட்டார். சும்மா திரும்பினால் சந்தேகம் வந்து சுட்டுவிடுவார்கள். கற்றுக்குட்டி ஒருத்தி சொதப்பிவிட்டாள் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவள் உயிரைக் காப்பாற்றத்தான் அவள் மானத்தை வாங்கினார். அப்படிப்பட்ட மனிதருக்கு இவள் பன்னிரண்டு அத்தியாயங்களாகக் கோமாளிக் குரல் கொடுத்து வைத்திருக்கிறாள்.

பகீரென்றது. கேப்டனுக்காக மட்டுமில்லை. ஒருவேளை, ஒருவேளை அண்ணனுக்கும் அன்றைக்கு ஏதாவது காரணம் இருந்திருக்குமோ? அமைச்சரின் ஆட்கள் ஸ்டேஷனையே இழுத்துப் பூட்டப் பார்த்தார்கள் என்று பிறகு ஒரு பேச்சு அடிபட்டது. உடனே யார் தலையிலாவது பழியைப் போட்டதால்தான் எல்லோருடைய வேலையும் தப்பித்ததோ? இத்தனை வருடமாக இதை யோசிக்கவே இல்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. கேட்டுவிடவேண்டும். ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அண்ணன் திரும்பக் கிடைத்துவிடுவார். அவளுக்கு அண்ணன் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி வலியோடு ஏறி நின்றவளை, கதவைத் திறந்த அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உள்ள வா,” என்றாள் அண்ணி. “நீ ஏற்கனவே உள்ளதான் பேசிட்டு இருக்கே.”

நிஜம்தான். உள்ளறையில் அவள் குரல் மூக்கால் கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. டோக்கன் அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் அண்ணன். இளைத்திருந்தார். பெரிய பெரிய பொத்தான் வைத்த கருவி மடியில் இருந்தது. தடவிப் பார்த்து அதை நிறுத்தினார்.

“வந்துட்டியா,” என்றார், நேற்றுப் போனவளிடம் கேட்பதுபோல். “கனைப்பு நல்லா வந்திருக்கு. ஆனா நான் ரெண்டு தடவை கனைப்பேன். நீ ஒண்ணோட நிறுத்திடுற.”

“அண்ணா, அது வந்து... திரும்பப் பதிவு பண்ணிடலாம்னு இருக்கேன். பழையதை நூலகத்துல வாபஸ் வாங்கிடுவேன்.”

“எதுக்கு?”

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகவா இருக்கவா என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றாள். டோக்கன் அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னாள். குரல் வித்தைக்காரி, குரல் நடுங்கியது.

“அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதாலதான் ஸ்டேஷன் தப்பிச்சதாமே. உடனே சொல்லலைன்னா எல்லாரையும் தூக்கியிருப்பாங்களாம். அதனாலதானே அண்ணா என்னைச் சொன்னீங்க? எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது.”

எவ்வளவு சுலபம், அண்ணன் தலையை ஆட்டினால் போதும். வாசற்படியில் நின்ற அண்ணியும் அவர் ஆட்டவேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா,” என்றார்.

“அண்ணா...”

“உன் கேப்டனுக்கு ஏதோ நல்ல காரணம் வெச்சிருக்கான் போலிருக்கு எழுதினவன். இல்லாட்டி இவ்வளவு தூரம் இழுக்கமாட்டான். அதைப் படிச்சுட்டு வந்திருக்க. எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல.” மடியிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். “எனக்கு அப்ப பதவி உயர்வு வர்ற நேரம். தாளை நான் சரிபார்க்கல. மைக்கைப் போட்டதும், யாரைச் சொல்றதுன்னு நினைச்சேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிச்சுட்டு இருந்த. உன்னைச் சொல்லிட்டேன். பயம்தான். வேற எதுவும் இல்ல.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “விசாரணையில சொல்லியிருக்கலாம். அப்பா இருக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும்.”

அதற்குமேல் அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுதாள். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, டீ ஆறிப்போவதாகச் சொன்னாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் மத்தியானம்வரை எழுந்து போகவும் இல்லை. கிளம்பும்போது அவர், “கேப்டனை மாத்தாதே. அவன் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த வாரம் பதினான்காம் அத்தியாயத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். கொள்ளையர் கப்பலின் இருட்டறையில் அந்தப் பெண் கேப்டனைக் கண்டுபிடித்துக் கட்டை அவிழ்க்கிறாள். அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறாள். கேப்டன் பதில் சொல்கிறார்: “உன்னைக் காப்பாற்றத்தான் பெண்ணே.”

அந்த வரி வரவில்லை. முதல் தடவை கனைத்ததோடு சரி. இரண்டாம் தடவை பாதியில் நின்றுவிட்டாள். ஹெட்போன்காரர் கையைத் தூக்கி, “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அண்ணன் இந்த வரியைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், வாழ்நாள் முழுக்க நம்பியிருப்பாள். கையில் கொண்டுபோய்க் கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னைக் கற்றுக்குட்டியாக நினைத்து ஏமாற்றவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கேப்டனைவிட இவர்மேல் அவளுக்குப் பிரியம் வந்தது, வலிக்க வலிக்க வந்தது.

மூன்றாம் தடவை, அண்ணன் சொல்ல மறுத்ததை அண்ணனின் குரலிலேயே ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.