அந்தோனியாருக்கு நேர்ந்த பூட்ஸ்

மீன் மணம் பிடிக்காமல் போனதுதான் முதல் அறிகுறி. மீனவர் ஊரான குருநகரில் பிறந்தவனுக்கு அது வரக்கூடாத வருத்தம் (நோய்). அம்மா குழம்புச் சட்டியை இறக்கினார். நான் எழும்பி வெளியே போய்ச் சத்தி (வாந்தி) எடுத்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெடியனுக்குச் செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்தது. அவனுடைய தாய் வந்து, "அண்ணை, உங்களுக்கும் வந்ததல்லோ, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. கால்பந்தடிக்காகத்தான் கல்லூரி என்னை வைத்திருந்தது.

சண்டையால் கரண்ட் இல்லாத காலம் அது. தீவுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் கல்லூரி விடுதியில் இருந்தது. எல்லோருக்கும் ஒரு கிணறு. கொதிக்க வைக்க விறகு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை.

பின்னேரம் பயிற்சி முடிய ஒரு வாளியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்த தண்ணீர் கரைத்து வைப்பார்கள். ஒரே ஒரு தகரக் குவளை. வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். அது நாங்களாக வைத்த சட்டம். அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவனை விடமாட்டோம். "என்ன, எங்கடை எச்சில் உனக்கு ஆகாதோ?" என்போம். கரையோரப் பிள்ளையும் தோட்டக்காரப் பிள்ளையும் ஒரு குவளையில் குடித்தோம். அதில் எங்களுக்குப் பெருமை. வெளியில் எல்லா இடத்திலும் அப்படி நடக்காது.

கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. சலம் (சிறுநீர்) சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"செங்கமாரி" என்றார். (கிருமி ஈரலைத் தாக்கி, கண்ணும் தோலும் மஞ்சளாகும் வருத்தம்.) "உன்னோடை திரியிற வேறை ஆருக்கும் இருக்கோ?"

"பந்தடிக்கிற பெடியள் மூண்டு நாலு பேருக்குக் காய்ச்சல் டொக்டர்."

"எல்லாரும் ஒண்டாய் என்ன குடிக்கிறனீங்கள்?"

குவளையைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"நல்ல ஒற்றுமை" என்றார்.

கட்டில் இல்லை. விறாந்தையில் பாய் போட்டார்கள். பக்கத்துப் பாயில் எங்கள் கோல் கீப்பர் ஞானம் கிடந்தான். கொழும்புத்துறைப் பெடியன். கையில் சேலைன் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புத் தண்ணீர்) ஏறிக்கொண்டிருந்தது.

"கண்ணைக் காட்டு மச்சான்" என்றான். காட்டினேன். "காணாது. என்ரை மஞ்சளுக்குக் கிட்டவும் வரமாட்டாய்."

சிரிக்க வயிறு நொந்தது.

எனக்கு அது கடைசி வருடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், கல்லூரிக்கு விளையாட விடமாட்டார்கள். கடைசி வருடத்தில்தான் முதல் அணியில் இடம் கிடைத்தது. பின்வரிசை, வலது பக்கம். கல்லூரியின் பூட்ஸ் ஒரு சோடியும் தந்திருந்தார்கள். போட்டிக்காலம் தொடங்க இன்னும் ஒரு கிழமைதான் (வாரம்) இருந்தது. ஒரு மட்ச் ஆவது கல்லூரிச் சட்டையோடு விளையாட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இருக்கவில்லை.

விளையாட்டு மாஸ்டர் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் பார்க்க வந்தார். பாய்களுக்கு நடுவே குந்தினார்.

"எல்லாம் நிப்பாட்டியாச்சடா. மற்றக் கல்லூரியளிலையும் வருத்தம். அதிபர்மார் கூடிக் கதைச்சவை."

"எத்தினை கிழமைக்கு, சேர்?"

"கிழமைக்கு இல்லை. இந்த வருசத்துக்கே."

ஞானம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

இந்த வருத்தத்துக்கென்று தனி மருந்து இல்லை என்றார் டொக்டர் அம்மா. படுக்கை, எண்ணெய் இல்லாத சாப்பாடு, கொதித்தாறின தண்ணீர். இவ்வளவும்தான். அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் தந்தார். குடித்தேன். எது சுகமாக்கியது என்று எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைக்கு எதைக் கொடுப்பதானாலும் டொக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். படுக்கையை மட்டும் குறைக்காதீர்கள்.

என்னை வீட்டுக்கு விட்ட பிறகு அங்கே யாரும் மீன் பொரிக்கவில்லை. மணம் எனக்கு ஆகாது என்று அப்பாவும் கஞ்சி குடித்தார். மீன் பிடித்துக் கடலால் வந்த மனிதன் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒருநாள் மோசமாகிவிட்டது. சத்தி நிற்கவில்லை. ஆளை ஆள் தெரியாமல் கதைத்தேனாம். திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். தூக்கும்போது அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எழும்பி இருக்கத் தொடங்கிய நாட்களில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஞானமும் சைக்கிள் பாரில் வந்தான்.

"அம்மா, பூட்ஸை எடுக்க வந்தனான். சாமான் அறையிலை திருப்பி வைக்கவேணும்."

"அது தரேலாது மாஸ்டர். அந்தோனியாருக்கு நேர்ந்தாச்சு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எங்கடை பூட்ஸை நீங்கள் எப்பிடியம்மா நேருவியள்? அது கல்லூரிச் சாமான்."

"இவன் கிடந்த கிடையிலை ஆரின்ரை சாமான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதே? ஓடி ஓடித்தான் வருத்தம் வந்தது எண்டு நினைச்சன். கண்ணிலை அது பட்டுது. நேர்ந்திட்டன்."

"அந்தோனியாருக்கு என்ன சைஸ் அம்மா?" என்றான் ஞானம்.

"வாயைப் பொத்தடா, செங்கமாரி!"

மாஸ்டர் சைவக்காரர். கடவுள் காரியம் என்றதும் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார்.

"திருநாளுக்கு ஏலம் விடுவினம். வந்து கேளுங்கோ" என்றார் அம்மா.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் அதுதான் வழக்கம். நேர்ந்த பொருளைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பூசை முடிய மூப்பர் (கோயில் காரியம் பார்ப்பவர்) முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார். விற்ற காசு கோயிலுக்கு. ஏலம் முடிந்தால் நேர்த்தியும் முடிந்தது. பொருள் எடுத்தவனுக்கு.

மாஸ்டர் வந்தார். வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் சைக்கிள். வாழைக்குலை போனது, சேவல் போனது. பிறகு மூப்பர் பூட்ஸின் கயிற்றில் பிடித்துத் தூக்கினார்.

"ஒரு சோடி! ஆணியெல்லாம் புதிசு! ஆர் கேக்கிறியள்?"

மாஸ்டர் கேட்டார். உடனே பின்னால் நின்ற ஒரு சம்மாட்டி (வள்ளமும் வலையும் வைத்திருப்பவர்) கூட்டிக் கேட்டார். மாஸ்டர் கூட்டினார். சம்மாட்டியும் கூட்டினார்.

"உங்களுக்கு உது என்னத்துக்கு அண்ணை?" என்றார் மாஸ்டர்.

"வள்ளத்திலை போட. உங்களுக்கு என்னத்துக்கு?"

"இது எங்கடைதான்!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. பூசை வைத்த சுவாமியாரும் சிரித்தார். சம்மாட்டி கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினார். சேவலைவிடக் கூடின விலைக்கு மாஸ்டர் எடுத்தார். கல்லூரிக் காசு இல்லை. அவருடைய காசு.

எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இப்ப இது கல்லூரிச் சாமானும் இல்லை, நேர்த்தியும் இல்லை. பிடி."

நான் வாங்கவில்லை. "டொக்டர் ஆறு மாசத்துக்கு ஓடக்கூடாது எண்டவா, சேர்."

"நடக்கலாமோ?"

"நடக்கலாம் எண்டவா."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நடக்கிறதெண்டால் நடக்கட்டும்" என்றார்.

பூட்ஸை வாங்கினேன். அப்படித்தான் எங்களுக்காக மாஸ்டர் வைத்த நடை மட்ச் நடந்தது. முதல் அணியும் இரண்டாம் அணியும். அரைவாசிப் பேர் வருத்தத்தால் எழும்பினவர்கள். கல்லூரிச் சட்டையைத் தந்தார்கள். எல்லாருக்கும் இரண்டு சைஸ் பெருத்துக் கிடந்தது. மாஸ்டர் நடுவில் நின்று சொன்னார்: "ஓடினால் ஃபவுல்." பார்க்க வந்த சின்ன வகுப்புகள் ஊளையிட்டன. கொஞ்ச நேரத்தில் அவர்களும் அடங்கிவிட்டார்கள்.

பந்தை உதைத்துவிட்டு நடப்பது லேசில்லை. கால் தானாக ஓடப் பார்க்கும். வலது விலாவுக்குக் கீழே ஒரு இழுவை வரும். அங்கே ஈரல் இருக்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இன்றுவரை அந்த இடம் எனக்குத் தெரியும். பாரம் தூக்கும்போது, கோபம் வரும்போது, கை அங்கே போகும்.

ஓடி விளையாடிய நாட்களில் நான் பந்தை மட்டும்தான் பார்த்தேன். அன்று வேலியோரத்து வேப்பமரத்தைப் பார்த்தேன். எங்கள் பெடியளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களில் பலர் இப்போது எந்த நாட்டில் என்று தெரியாது. முகம் மட்டும் அந்த வெயிலோடு இருக்கிறது.

முடியப் போகும் நேரம் பந்து என் பக்கக் கோட்டைத் தாண்டி மதிலடிக்குப் போனது. நான்தான் எறிய வேண்டும். எங்கள் அணி ஒரு கோல் பின்னுக்கு. முன்பென்றால் பாய்ந்து போய் எடுத்திருப்பேன். நடந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றேன். திரும்பவும் நடந்தேன். குனிந்து எடுத்து நிமிரும்போது கண் இருட்டியது. மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் கையில் மணிக்கூட்டோடு நின்றார். நேரம் முடிந்தும் விசில் ஊதவில்லை. நான் பந்தோடு கோட்டுக்கு வந்து சேரும்வரை இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே நின்றன.