பல் தெரியச் சிரித்த படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். மற்ற படங்களில் உதட்டை இறுக மூடியிருப்பாள். இல்லையென்றால் கை வாயருகே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “எவ்ளோ லட்சணமான புள்ள” என்று உச்சுக்கொட்டிவிட்டுக் காபியைக் குடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. ஒரு மாத்திரைதான் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அதன் தயவில் அவள் கல்லூரி முடித்தாள், வங்கித் தேர்வுக்குப் படித்தாள். குறிஞ்சிப்பாடியில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்காரர்கள் எல்லோரும் சொந்தம், அல்லது சொந்தத்துக்குச் சொந்தம். அதனால் அப்பா பஸ் ஏறிக் கடலூருக்குப் போய், முகம் தெரியாத கடையில் வாங்கி வருவார். அட்டையைப் பிரித்து, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைப்பது அத்தை. அப்பாவின் அக்கா அவர். அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வலிப்பை அடக்கிய அதே மாத்திரை ஈறைத் தடிக்க வைத்தது. பல்லின் பாதிவரை சதை இறங்கிவிட்டது. வரன் பார்க்கத் தொடங்கியதும் அத்தைக்கு அதுதான் பெரிய கவலை. சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு எங்களை அழைத்துப் போனார். மரத்துப்போக ஊசி போட்டு, வளர்ந்த ஈறை வெட்டி எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “இந்த ஊசியும் அவுங்க சாப்புடுற மாத்திரையும் ஒரே மாதிரி வேலைதாங்க செய்யுது. நரம்புல சோடியம்னு ஒரு உப்பு போற வழிய அடைக்குது. ஊசி தாடைய மரத்துப்போக வைக்குது, மாத்திரை மூளையில வலிப்ப அடக்குது. மாத்திரையால ஈறு திரும்பவும் வளரும். நரம்பு டாக்டர்ட்ட சொன்னா வேற மருந்துக்கு மெதுவா மாத்துவாரு. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க.”

அத்தையின் காதில் பாதிதான் விழுந்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை, முழுவதும்தான் விழுந்திருக்கிறது. இன்னொரு டாக்டரிடம் போனால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும். நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. அவர் கணக்கு அவ்வளவுதான்.

“சேத்தியாத்தோப்புல இருந்து நல்ல எடம் வருது. தாலி ஏறுற வரைக்கும் மாத்திர வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். “நீ சும்மா இருடி, நாளைக்கு ஒனக்கும் மாப்ள தேடணும்.” அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். அக்கா என்னிடம், “ஒரு தடவயாவது வாயத் தொறந்து சிரிக்கணும்டி எனக்கு” என்றாள். அந்த ஆசையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஈறு ஆறியதும் ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போயிற்று. அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த அன்று காலை, தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அக்கா சரிந்தாள். அத்தை ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் தெருவே கூடிவிடுமாம். பழையபடி தானாக அடங்கும் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொன்ன பிறகுதான் கார் வரவழைத்தார்கள்.

கடலூர் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வலிப்புக்கு மாத்திர எதாவது சாப்புட்டாங்களா?” அத்தை அவர் முகத்தைப் பார்த்து, “என்னா மாத்திர? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க” என்றார். அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தி வரன் கொண்டுவந்தவருக்கு உறவு. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் மாத்திரையின் பெயரையும் அதை நிறுத்தியதையும் கத்திச் சொன்னேன். உடனே அதே மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். வீட்டில் டப்பா நிறையக் கிடந்த மருந்து. அப்போது அது அவளுக்கு உதவவில்லை. நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள்.

இப்போது அத்தைக்கு முகத்தில் நரம்பு வலி. காற்றுப் பட்டாலே கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோலத் துடித்துப்போகிறார். அதற்குக் கொடுத்திருக்கும் மாத்திரையும் அக்கா சாப்பிட்ட மாத்திரையின் இனம்தான். அதுவும் நரம்பில் உப்பின் வழியைத்தான் அடைக்கிறது. முனைக் கடையில், எல்லோரும் பார்க்க, பெயர் சொல்லி வாங்குகிறோம். முகவலி இருக்கும் கிழவியை யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

கூடத்தில் படத்துக்கு எதிரே இருக்கும் நாற்காலிதான் அவர் இடம். நேற்றும் அங்கிருந்தே கூப்பிட்டார். “பாப்பா, மாத்திரைய எடு. ஒரு வேள உட்டாலும் உசுரு போயிடும்.”

எடுத்துக் கொடுத்தேன். அண்ணாந்து விழுங்கினார். எதிரே அக்கா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.